மருந்து ஆய்வின் பகிர்வுத் தரவுத்தளம்: சோதிக்க வரும் மாணவர் எதைத் தேட வேண்டும்?

ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், ஒரு மூலக்கூறின் வீரியம் ஆயிரம் மடங்கு குறைந்ததாகப் பதிவாகிவிடும். மருந்து ஆய்வில், ஒரு மூலக்கூறு வேலை செய்ய எவ்வளவு செறிவு தேவை என்பதை மைக்ரோமோலார் அலகில் எழுதுவது வழக்கம். ‘மைக்ரோ’வைக் குறிக்கக் கிரேக்க எழுத்தான மியூவைப் போடுவார்கள். பழைய கோப்புகள் சிலவற்றில் அது உண்மையில் மியூவே இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எம்’மைத் தட்டச்சு செய்து, அதற்கு ‘சிம்பல்’ என்ற எழுத்துருவைக் கொடுத்திருப்பார்கள். திரையில் மியூவாகத் தெரியும். ஒருவர் அதை நகலெடுத்து வேறொரு நிரலில் ஒட்டும்போது எழுத்துரு கழன்றுவிடுகிறது, ‘எம்’ மட்டும் மிஞ்சுகிறது. 5 மைக்ரோமோலார் இப்போது 5 மில்லிமோலார். நல்ல மூலக்கூறு ஒன்று, உதவாதவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது.

இதில் எந்த மென்பொருளும் பழுதாகவில்லை. பக்கம் திறக்கிறது, தேடல் வேலை செய்கிறது, வரைபடம் ஒழுங்காக வருகிறது, பிழைச் செய்தி எதுவும் கிடையாது. பல ஆய்வகங்கள் சேர்ந்து பயன்படுத்தும் தரவுத்தளத்தைச் சோதிக்க ஒரு மாணவரை இன்டர்ன்ஷிப்பில் எடுக்கும்போது, அவர் பிடிக்க வேண்டியது இப்படிச் சத்தமில்லாமல் நுழையும் பிழைகளைத்தான். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும் வேலை என்று பலர் இதை நினைக்கிறார்கள். வேலை கொடுப்பவர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் பார்வையில் இது வேதியியல், உயிரியல், கணினி மூன்றிலும் கால் வைத்துச் செய்யவேண்டிய ஆய்வு வேலை.

மருந்துக் கண்டுபிடிப்பு ஒரே கூரையின் கீழ் நடப்பது இப்போது அரிது. ஒரு குழு நோய்க்குக் காரணமான புரதத்தின் வடிவத்தைக் கண்டறியும். இன்னொரு குழு அதில் பொருந்தக்கூடிய மூலக்கூறுகளை வடிவமைக்கும். மூன்றாவது குழு அவற்றைத் தயாரிக்கும். நான்காவது குழு செல்களில் சோதிக்கும். இவர்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிறுவனங்களில் இருப்பார்கள். எல்லோருடைய முடிவுகளும் சேரும் இடம் தரவுத்தளம். அங்கே ஒரு எண் தவறினால், அடுத்த ஆறு மாதம் எந்த மூலக்கூறைத் தயாரிப்பது என்ற முடிவே தவறும்.

பகிர்வு என்ற பழக்கம் புதிதல்ல. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 2004இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் பப்கெம் என்ற வேதிப்பொருள் தரவுத்தளத்தைத் தொடங்கியது. 2009இல் பிரிட்டனின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம், ஆய்விதழ்களிலிருந்து திரட்டிய மூலக்கூறு அளவீடுகளைக் கெம்பிஎல் என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம், மலேரியா ஒட்டுண்ணியை ஒடுக்கும் சுமார் 13,500 மூலக்கூறுகளின் விவரங்களைப் பொதுவெளியில் வைத்தது. ஒரு பெரிய மருந்து நிறுவனம் தன் பெட்டகத்திலிருந்து இவ்வளவை எடுத்துக் கொடுத்தது அன்று பெரிய செய்தி.

இதோடு அரைத் திறப்புத் தரவுத்தளங்கள் என்று ஒரு வகையும் உண்டு. கூட்டணியில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். அதிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எல்லை. பெரும்பாலும் மாணவர் சோதிக்க வருவது இந்த வகையைத்தான். இதன் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

மாணவர்கள் இந்தத் துறையில் தரவை நேரடியாகக் கையாண்டதற்கு நல்ல முன்னுதாரணம் இந்தியாவில் இருக்கிறது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு 2008இல் தொடங்கிய திறந்த மூல மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டம், காசநோயை முதல் இலக்காக எடுத்துக்கொண்டது. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி 1998இலேயே வாசிக்கப்பட்டிருந்தாலும், அதிலுள்ள சுமார் 4,000 மரபணுக்களில் பலவற்றின் வேலை தெளிவாகவில்லை. சிதறிக் கிடந்த ஆய்விதழ்களைப் படித்து ஒவ்வொரு மரபணுவுக்கும் விளக்கக் குறிப்பு எழுதும் பணியில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள், பெரும்பாலும் மாணவர்கள், இணையவழியில் ஈடுபட்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாமல் அப்படியொரு வேலையை நம்ப முடியாது. சரிபார்ப்பும் அறிவியலின் ஒரு பகுதி என்பதை மாணவர்கள் அங்கேதான் கண்ணால் பார்த்தார்கள்.

கோவிட் காலத்தில் இதன் வேகமான வடிவம் வந்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய கோவிட் மூன்ஷாட் முயற்சியில், வைரஸின் முக்கிய நொதியைத் தடுக்கும் மூலக்கூறுகளை உலகில் யார் வேண்டுமானாலும் வடிவமைத்து அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்து குவிந்தன. 2,400க்கும் மேற்பட்ட சேர்மங்களைத் தயாரித்தார்கள். இத்தனை பேர் அனுப்பும்போது ஒரே மூலக்கூறு பத்துப் பேரிடமிருந்து பத்து விதமாக எழுதப்பட்டு வரும். அவை ஒன்றுதான் என்று தரவுத்தளத்துக்குத் தெரிய வேண்டும்.

இது எந்த மூலக்கூறு?

சோதனையின் முதல் கேள்வி இது. சுலபமாகத் தோன்றும், ஆனால் இதில்தான் அதிகக் குழப்பம்.

ஒரு மூலக்கூறுக்கு வேதியியல் பெயர் உண்டு, வணிகப் பெயர்கள் பல உண்டு, ஆய்வகம் வைத்த குறியீட்டு எண் உண்டு, கணினிக்காக வரியாக எழுதும் ஸ்மைல்ஸ் குறிமுறை உண்டு. ஸ்மைல்ஸில் ஒரே மூலக்கூறை எந்த அணுவிலிருந்து வேண்டுமானாலும் எழுதத் தொடங்கலாம் என்பதால், சரியான எழுத்துமுறையே பல வரும். இதைச் சமாளிக்க இன்சி என்ற சர்வதேச அடையாள முறையும், அதைச் சுருக்கிய 27 எழுத்து இன்சிக்கீயும் பயன்படுகின்றன. இன்சிக்கீயின் முதல் 14 எழுத்துகள் எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது என்ற எலும்புக்கூட்டைக் குறிக்கும். அணுக்கள் இடப்பக்கம் திரும்பியிருக்கிறதா வலப்பக்கமா என்பது போன்ற விவரம் அடுத்த பகுதியில் வரும். ஆக, முதல் 14 ஒத்துப்போய் மீதி மாறினால், அநேகமாக ஒரே எலும்புக்கூடு, வேறு திருப்பம். தாலிடமைடு என்ற மருந்து போன்றவற்றில் இடப்பக்க, வலப்பக்க வடிவங்கள் இரண்டும் தனித்தனியாகப் பேசப்பட வேண்டியவை. தரவுத்தளம் அவற்றை இணைக்கிறதா, பிரிக்கிறதா, எந்த விதிப்படி என்பதை மாணவர் கண்டுபிடித்து எழுதிவைக்க வேண்டும். உப்பு வடிவம் அடுத்த வம்பு. அதே மருந்து ஹைட்ரோகுளோரைடாக ஒரு ஆய்வகத்திலும் தனிச் சேர்மமாக இன்னொன்றிலும் இருக்கும். மூலக்கூறு நிறை மாறும். நிறை மாறினால் எடைபோட்டுக் கரைத்த செறிவும் மாறும்.

பதிவு எண்ணைச் சோதிக்க அழகான ஒரு வழி இருக்கிறது. வேதிப்பொருள்களுக்கு வழங்கப்படும் சிஏஎஸ் எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஆஸ்பிரினின் எண் 50-78-2. கடைசி 2ஐ விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக 8ஐ 1ஆலும், 7ஐ 2ஆலும், 0வை 3ஆலும், 5ஐ 4ஆலும் பெருக்கிக் கூட்டினால் 42. அதன் கடைசி இலக்கம் 2, பொருந்துகிறது. பத்து வரி பைத்தான் நிரல் எழுதினால், தரவுத்தளத்தில் உள்ள எல்லா சிஏஎஸ் எண்களையும் நொடிகளில் இப்படிச் சோதித்து, தட்டச்சுப் பிழைகளைப் பொறுக்கிவிடலாம். இன்டர்ன்ஷிப்பின் முதல் வாரத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை.

அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டிக்10 என்ற மூலக்கூறின் கதையைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சேகரிப்பிலிருந்து கண்டெடுத்த சேர்மம் அது. புற்றுநோய்ச் செல்களுக்கு எதிராக நன்றாக வேலை செய்தது; 2013இல் ஆய்விதழில் வந்தது; காப்புரிமையும் கிடைத்தது. ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிம் ஜாண்டாவின் குழு, வெளியான கட்டமைப்பின்படி அதைத் தயாரித்துப் பார்த்தபோது மூலக்கூறு அசையவே இல்லை. ஆனால் சேகரிப்பிலிருந்து வாங்கிய மாதிரி வேலை செய்தது. ஆராய்ந்ததில், குப்பியில் இருந்த மூலக்கூறின் வளையங்கள் கோணலாக இணைந்திருந்தன. பதிவிலோ நேர்கோட்டு இணைப்பு என்று இருந்தது. இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, நிறையும் ஒன்றே. 2014இல் இது வெளியானதும் காப்புரிமை யாருக்கு என்ற கேள்வியே எழுந்தது. அந்த மூலக்கூறுதான் பிறகு டோர்டாவிபுரோன் என்ற பெயரில், அரிதான ஒருவகை மூளைக்கட்டிக்கு 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

போசுட்டினிப் என்ற புற்றுநோய் மருந்திலும் இதுபோல நடந்தது. விற்பனையாளர்கள் சிலர் அந்தப் பெயரில் விற்ற பொருளில் குளோரின் அணுக்கள் வளையத்தில் வேறு இடத்தில் இருந்தன என்பது 2012இல் தெரியவந்தது. அதை வாங்கிச் சோதித்த ஆய்வகங்களின் அளவீடுகள் எந்த மூலக்கூறுக்குச் சொந்தம்? இதனால்தான் நல்ல தரவுத்தளம் மூலக்கூறு வேறு, அதன் பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த அல்லது வாங்கிய தொகுதி) வேறு என்று இரண்டு அடுக்காக வைத்திருக்கும். எந்த அளவீடும் பேட்சோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்: யாரிடம் வாங்கியது, எப்போது, தூய்மை எவ்வளவு. ஒரு பேட்ச் கெட்டது என்று பின்னால் தெரிந்தால், அதன் அளவீடுகளை மட்டும் தனியே எடுத்து ஒதுக்க முடிகிறதா என்று மாணவர் செய்து பார்க்கலாம். முடியவில்லை என்றால் அது கடுமையான குறை. சோதனை அறிக்கையின் முதல் பக்கத்தில் வரவேண்டியது.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

மூலக்கூறின் வீரியத்தை ஐசி50 என்ற அளவில் சொல்வார்கள். நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு அது. எண் சிறியதாக இருந்தால் வீரியம் அதிகம். இதையே மோலார் அலகுக்கு மாற்றி, மடக்கை எடுத்து எதிர்க்குறி போட்டால் 1 மைக்ரோமோலார் 6 ஆகும், 1 நானோமோலார் 9 ஆகும். ஒப்பிட வசதியானது. ஆனால் ஒரே நெடுவரிசையில் ஒரு ஆய்வகம் மைக்ரோமோலாரிலும் இன்னொன்று நானோமோலாரிலும் எழுதி, அலகு என்ற நெடுவரிசை காலியாக இருந்தால், 6 என்பது என்ன என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது ‘விடப் பெரியது’ என்ற குறி. ஒரு மூலக்கூறை அதிகபட்சம் 10 மைக்ரோமோலார் வரை சோதித்து, எதுவும் நடக்கவில்லை என்றால் ‘10ஐ விடப் பெரியது’ என்று எழுதுவார்கள். எண்கள் மட்டும் ஏற்கும் நெடுவரிசையில் இந்தக் குறி நுழையாது. சில மென்பொருள்கள் அந்த வரிசையையே தூக்கிவிடும், சில குறியை மட்டும் உதறிவிட்டு 10ஐ வைத்துக்கொள்ளும். முதலாவதில், ‘இது வேலை செய்யவில்லை’ என்ற மதிப்புள்ள தகவல் காணாமல் போகிறது. இரண்டாவதில், செத்த மூலக்கூறுக்கு மிதமான வீரியம் வந்துவிடுகிறது. இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த 10 போய்ச் சராசரியிலும் கலந்துவிடும்.

சராசரியையும் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒரே மூலக்கூறுக்கு 10 நானோமோலார், 1,000 நானோமோலார் என்று இரண்டு அளவீடுகள் இருப்பதாகக் கொள்வோம். சாதாரணச் சராசரி 505. மடக்கையில் எடுத்த சராசரி 100. இந்தத் துறையில் பின்னதுதான் பொருத்தம். தரவுத்தளம் எதைக் காட்டுகிறது என்று இரண்டு எண்களை உள்ளிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனாலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமலே இருந்திருக்கும். புதிதாக வருபவரின் பலம் இதுதான். பழகியவர்கள் சுற்றிக்கொண்டு போகும் பள்ளம் அவருக்குத் தெரியாது, நேராகப் போய் விழுவார். விழுந்த இடத்தை அப்படியே எழுதினால் போதும்.

கோப்புகளை ஏற்றி இறக்கிப் பார்ப்பது ஒரு தனிச் சோதனை. சோதனைத் தட்டு ஒன்றில் 96 குழிகள் இருக்கும். ஏ முதல் எச் வரை 8 வரிசை, ஒவ்வொன்றிலும் 12 குழி. குழியின் பெயரை எழுத்தாக எடுத்து அகரவரிசைப்படுத்தினால் ஏ1க்கு அடுத்து ஏ2 வராது. ஏ10, ஏ11, ஏ12 வந்த பிறகுதான் ஏ2 வரும். சேர்மங்களின் பட்டியல் இயல்பான வரிசையிலும் அளவீடுகளின் பட்டியல் இந்த வரிசையிலும் இருந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், ஏ2வில் இருந்த சேர்மத்துக்கு ஏ10இன் முடிவு போய்ச் சேரும். எண்கள் எல்லாமே நம்பத்தக்கவையாகத்தான் தெரியும்.

எக்செல் செய்யும் வேலை ஊரறிந்தது. செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயர்க் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மென்பொருளின் பழக்கத்துக்கு ஏற்ப அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொண்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் நடைமுறையில் அது சரியான முடிவுதான்.

சந்தேகமான எண்ணைப் பார்த்தால் அழித்துவிடத் தோன்றும். கெம்பிஎல் அப்படிச் செய்வதில்லை. எண்ணை அப்படியே வைத்து, ‘வழக்கமான எல்லைக்கு வெளியே உள்ளது’, ‘படியெடுத்ததில் பிழை இருக்கலாம்’ என்பது போன்ற குறிப்பைப் பக்கத்தில் சேர்க்கிறது. முடிவைப் பயன்படுத்துபவரிடம் விடுகிறது. மாணவரும் இந்த ஒழுக்கத்தைப் பழக வேண்டும். எதையும் தானாகத் திருத்தக் கூடாது. என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எந்தப் படிகளில் செய்தால் திரும்பவும் வரும் என்ற மூன்றையும் எழுதி, அளவீட்டின் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும்.

தெரியக்கூடாதது தெரிகிறதா?

இப்போது அரைத் திறப்புத் தரவுத்தளங்களின் சிக்கலுக்கு வருவோம். இன்னும் காப்புரிமை கோராத ஒரு மூலக்கூறின் கட்டமைப்பு பொதுவெளியில் வந்துவிட்டால், அது புதியது என்று பிறகு உரிமை கோருவது பல நாடுகளில் முடியாமல் போகும். காப்புரிமை இல்லாத மூலக்கூறில், மனிதச் சோதனைக்கான பெருஞ்செலவைப் போட முதலீட்டாளர்கள் தயங்குவார்கள். அளவீட்டுப் பிழையைத் திருத்தலாம். வெளியே போன கட்டமைப்பைத் திரும்ப உள்ளே எடுக்க வழியில்லை.

ஆகவே மாணவருக்கு வெவ்வேறு அனுமதியுள்ள இரண்டு மூன்று கணக்குகளைக் கொடுத்து, பூட்டை உடைக்கச் சொல்ல வேண்டும். நேரடியாகப் பக்கத்தைத் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்று வரும். அதோடு நின்றுவிடக் கூடாது. மூலக்கூறின் ஒரு பகுதியை வரைந்து தேடினால் விவரம் எதுவும் காட்டாமல், ‘1 முடிவு கிடைத்தது’ என்று மட்டும் சொல்கிறதா? அப்படியென்றால் வரைவதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தேடியே மறைந்திருக்கும் மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தேடல் பெட்டி தானாக நிரப்பிக் காட்டும் பெயர்களில் அடுத்த குழுவின் குறியீட்டு எண் எட்டிப் பார்க்கிறதா? திரையில் மறைந்திருக்கும் நெடுவரிசை, பதிவிறக்கிய கோப்பில் இருக்கிறதா? கூட்டணியிலிருந்து விலகியவரின் கணக்கு இன்னும் திறக்கிறதா? இந்த வகைச் சோதனையை எப்போதும் போலித் தரவை வைத்துத்தான் செய்ய வேண்டும். உண்மையான மூலக்கூறுகளை வைத்துச் சோதிக்கச் சொல்வது, நிறுவனம் தானே செய்யும் கசிவு.

இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு, 2019இல் ஐரோப்பாவில் தொடங்கிய மெலோடி திட்டம் சான்று. 10 பெரிய மருந்து நிறுவனங்கள், தரவை ஒருவருக்கொருவர் காட்டாமலே பொதுவான ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவிக்க ஒன்றுசேர்ந்தன. தரவு அவரவர் இடத்திலேயே இருந்தது. கற்றதன் சாரம் மட்டும் பரிமாறப்பட்டது.

கணினி மாதிரிகள் பெருகிவிட்ட இன்றைய சூழலில் சுத்தமான தரவின் மதிப்பு இன்னும் ஏறியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றுத் தந்த, புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி மாதிரி, புரோட்டீன் டேட்டா பேங்கில் அரை நூற்றாண்டாகச் சேர்ந்த வடிவங்களில்தான் கற்றது. ஒவ்வொரு வடிவமும் உள்ளே வரும்போது சரிபார்த்து, ஒரே முறையில் அடுக்கிவைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் செய்தியில் வரவில்லை. மூலக்கூறு அளவீடுகளில் அவ்வளவு ஒழுங்கு இன்னும் வரவில்லை. வேலை செய்யாதவற்றை யாரும் வெளியிட விரும்பாததால், அந்தத் தரவுகள் வெற்றிப் பக்கம் சாய்ந்தும் கிடக்கின்றன.

இன்டர்ன்ஷிப் கொடுப்பவர்களிடம் எனக்குச் சில எதிர்பார்ப்புகள் உண்டு. மாணவரைக் கணினி அறையில் தனியாக உட்காரவைக்காமல், முதல் சில நாள்களாவது அளவீடு எடுப்பவரின் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்காதவரால் அது எங்கே கெடும் என்று ஊகிக்க முடியாது. படிவத்தில் ‘கட்டாயம்’ என்று நட்சத்திரமிட்ட இடத்தில் அவசரத்தில் இருக்கும் ஆய்வாளர் ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிட்டு நகர்வதை நேரில் பார்த்தால்தான், படிவத்தையே மாற்றவேண்டும் என்று மாணவருக்கு எழுதத் தோன்றும். சோதிக்க ஒழுங்கான மாதிரிக் கோப்பைக் கொடுக்காதீர்கள். ரகசியம் இல்லாத பழைய, அழுக்கான கோப்பைக் கொடுங்கள். அறிக்கையில் வரும் ஒவ்வொரு குறைக்கும், திருத்துவோம் அல்லது இன்ன காரணத்தால் திருத்த மாட்டோம் என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் மாணவர் போய்விடுவார். அவர் எழுதிய சோதனை நிரல்கள் போகக் கூடாது. சிஏஎஸ் இலக்கத்தைச் சரிபார்ப்பது, ஏற்றிய கோப்பை இறக்கி வரிக்கு வரி ஒப்பிடுவது, அனுமதியில்லாத கணக்கில் தேடினால் முடிவு எண்ணிக்கையும் மறைகிறதா என்று பார்ப்பது ஆகிய எல்லாமே, தரவுத்தளத்தின் ஒவ்வொரு புதிய பதிப்பு வெளியாகும் முன்பும் தானாக ஓடும்படி கோர்த்துவிடலாம். கடைசி இரண்டு வாரத்தை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். அந்தத் தரவுத்தளத்தை விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால், அதில் மாணவரின் பெயரும் இருக்க வேண்டும்.